ஈரமணலில் கல் இழுத்தல்: எகிப்தியர் முறையைச் சோதிப்பது எப்படி?

பண்டைய எகிப்திய மாகாண ஆளுநர் ஜெஹுதிஹோதெப்பின் கல்லறை ஓவியத்தில் பெருஞ்சிலையை 172 பேர் சறுக்குவண்டியில் இழுக்க, முன்னால் ஒருவர் தண்ணீர் ஊற்றுகிறார். அது வெறும் சடங்கல்ல. சரியான ஈரத்தில் இழுவிசை பாதியாகும் என்று 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகச் சோதனை காட்டியது.

1 மீட்டர் நீளம், 25 செ.மீ. அகலமுள்ள தட்டில், சலித்துக் காயவைத்த மணலை 4 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். அது 10 லிட்டர். ஆகவே 100 மி.லி. தண்ணீர் 1 சதவீதம். முனை வளைந்த பலகையில் 2 கிலோ ஏற்றி, ஸ்பிரிங் தராசால் ஒரே வேகத்தில் இழுங்கள். கிளம்பும்போது முள் எகிறும்; அதை விட்டுவிட்டு, சீராக ஓடும்போது காட்டுவதைக் குறியுங்கள்.

காய்ந்த மணல் முனையில் குவிந்து தடுக்கும். தண்ணீரை ஒவ்வொரு சதவீதமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் நன்றாகப் பிசறி, ஒரே அளவு அழுத்திச் சமன்செய்யுங்கள். இதில்தான் பெரும்பாலான சோதனைகள் பிசகும். தண்ணீர் மிஞ்சினால் மணல் இறுக்கம் இழந்து, இழுவை மறுபடி கனக்கும்.