ஸ்கூகாக் ஏரியில் மீன்பிடி: புதிதாக வந்தவர்கள் தூண்டில் வாங்கும் முன்

கனடாவின் டொராண்டோ வட்டாரத்தில் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் குடிவந்து முதல் குளிர்காலத்தைத் தாண்டியவர்கள், மே மாதம் பிறந்ததும் பக்கத்தில் எங்கே மீன் பிடிக்கலாம் என்று கேட்கத் தொடங்குவார்கள். ஒன்ராறியோ ஏரி கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் படகு இல்லாமல் கரையில் நின்று, பிள்ளைகளின் தூண்டிலிலும் ஏதாவது இழுபட வேண்டுமென்றால் நான் ஸ்கூகாக் ஏரியைத்தான் சொல்வேன். அதன் கரையில் போர்ட் பெரி என்ற சிறிய ஊர் இருக்கிறது. ஸ்காபரோவில் இருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெடுங்காலம் முன்பு வந்த உறவினர் யாராவது, "ஸ்கூகாக்கா? அங்கே பிக்கரல் அள்ளலாம்" என்று சொல்லக்கூடும். அவர் சொல்வது பழைய ஏரி. இன்றைய ஏரியில் பிக்கரலைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். என்ன மாறியது, ஏன் மாறியது என்று தெரிந்துகொண்டு போனால் மீனும் கிடைக்கும், ஏரிக்கும் கெடுதல் இராது.

இந்த ஏரி இன்றுள்ள அளவில் இயற்கையாக அமைந்தது இல்லை. 1830களில் ஆலை ஓட்டுவதற்காக லிண்ட்சே என்ற ஊரில் ஸ்கூகாக் ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். தண்ணீர் பின்னால் ஏறி, தாழ்ந்த சதுப்பு நிலத்தையும் மரங்களையும் மூடியது. வன்னிக் குளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் அமைப்பு உடனே பிடிபடும்: ஒரு முனையில் மறிப்பு, அதன் பின்னால் தட்டையாகப் பரந்து கிடக்கும் தண்ணீர். சராசரி ஆழம் 1.4 மீட்டர்தான். மிக ஆழமான இடமே எட்டு மீட்டரை எட்டாது. இன்று ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியின் ஒரு பகுதியாக இதன் நீர்மட்டம் கட்டுப்படுத்தப்படுகிறது.

ஆழம் குறைவாக இருப்பதுதான் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. வெயில் பெரும்பாலான இடங்களில் அடித்தரை வரை போகிறது, அதனால் ஏரி முழுக்க நீர்ப்பாசியும் களையும் அடர்ந்து வளர்கின்றன. கோடையில் மேலிருந்து கீழ்வரை தண்ணீர் சூடாகிவிடும். குளிர்ந்த அடிநீர் தேவைப்படும் லேக் ட்ரவுட் போன்ற மீன்களுக்கு இங்கே இடமே இல்லை. அவற்றைத் தேடுபவர்கள் சிம்கோ ஏரிக்குப் போகலாம். களைக்குள் ஒளிந்து வாழும் மீன்களுக்கு ஸ்கூகாக் சொர்க்கம்.

இனி பிக்கரல். ஊர்ப் பேச்சில் பிக்கரல் என்கிற இந்த மீன், அரசின் விதிமுறை ஏட்டில் வால்ஐ என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. கலங்கிய தண்ணீரிலும் மங்கிய வெளிச்சத்திலும் அது நன்றாகப் பார்க்கும், மற்ற மீன்கள் தடுமாறும் நேரத்தில் அது வேட்டையாடும். அப்புறம் ஸீப்ரா மட்டி என்ற வந்தேறிச் சிப்பி இந்த நீர்வழிக்குள் நுழைந்தது. அது தண்ணீரை வடிகட்டி உண்ணும். தண்ணீர் தெளிந்தது, தெளிந்ததும் வெயில் இன்னும் கீழே இறங்கியது, களை இன்னும் பெருகியது. யூரேசிய மில்ஃபாயில் போன்ற அந்நியக் களைகளும் சேர்ந்துகொண்டன. கலங்கல் நீரில் பிக்கரலுக்கு இருந்த அனுகூலம் போய்விட்டது. அதே சமயம் களையை விரும்பும் பாஸ், சன்ஃபிஷ் வகைகள் பெருகின. க்ராப்பி என்ற மீன் புதிதாக வந்து சேர்ந்து நன்றாக வேரூன்றிவிட்டது. அது பிக்கரல் குஞ்சுகளோடு உணவுக்குப் போட்டி போடும், குஞ்சுகளையே தின்னவும் செய்யும். இத்தனைக்கும் மேலே, பல பத்தாண்டுகளாக இந்த ஏரியில் தூண்டில் நெருக்கம் மிக அதிகம். பெருநகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஏரி வேறு எப்படி இருக்கும்?

பிக்கரல் எண்ணிக்கை அந்த அளவுக்கு விழுந்ததால், 2016 தொடக்கத்தில் இருந்து ஸ்கூகாக் ஏரியில் அந்த மீன்பிடியை ஆண்டு முழுவதும் மூடிவிட்டார்கள். பக்கத்து ஏரிகளில் அதற்குப் பருவம் உண்டு, இங்கே இல்லை. தற்செயலாக மாட்டினால் தண்ணீரிலேயே வைத்துத் தூண்டிலைக் கழற்றி விட்டுவிடுங்கள். படம் எடுப்பதற்காகத் தூக்கி வைத்திருக்க வேண்டாம். மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு முட்டைத் தாயும் இந்த ஏரிக்கு முக்கியம் என்று நான் மனதார நம்புகிறேன்.

சரி, எதைப் பிடிக்கலாம்? நிறையவே இருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சன்ஃபிஷ் போதும். பம்ப்கின்சீட், ப்ளூகில் என்று இரண்டு வகை, உள்ளங்கை அகலம், தட்டையான உடம்பு. சிறிய தூண்டில் முள், ஒரு தக்கை, அரைத் துண்டு மண்புழு. இவ்வளவுதான் வேண்டும். போர்ட் பெரியின் பாமர் பூங்கா ஓரத்திலோ படகுத்துறைப் பக்கமோ போட்டால் கோடையில் கடிக்காத நாள் அரிது. ஜூன் மாதத்தில் கரையோரம் வட்ட வட்டமாகச் சுத்தம் செய்த குழிகள் தெரியும். அவை கூடுகள், ஒவ்வொன்றையும் ஓர் ஆண் மீன் காவல் காக்கும். அந்தப் பெரிய ஆண்களை மட்டும் பொறுக்கிப் பிடித்துக்கொண்டே போனால், கூட்டம் முழுவதும் குட்டையாகச் சிறுத்துவிடும் என்பது இந்த மீன்களை ஆராய்ந்தவர்கள் கண்ட விஷயம். ஆகவே கூட்டின் மேல் நிற்பதை விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

க்ராப்பிதான் என் விருப்பம். பனிக்கட்டி உருகிய பின், கரையோரத் தண்ணீர் சூடேறும் நாட்களில் அது கூட்டமாக ஆழம் குறைந்த வாய்க்கால்களுக்கும் படகுத்துறை நிழலுக்கும் வரும். மாலை மங்கும் நேரம் மிக நல்லது. தக்கைக்குக் கீழே ஒரு சின்ன ஜிக்கை, அதாவது தலையில் ஈயக் குண்டு வைத்த முள்ளை, தொங்கவிட்டு, மிக மெதுவாக இழுக்க வேண்டும். அதன் வாய்த்தோல் மெல்லியது, வெட்டி இழுத்தால் கிழிந்து போய்விடும். ஊரில் விராலுக்குச் சுண்டி இழுத்துப் பழகிய கைகளுக்கு இது கொஞ்சம் பொறுமையைக் கேட்கும். சதை வெள்ளை, முள்ளும் சிக்கலில்லை. பொரித்தால் அருமை.

மஞ்சள் பெர்ச்சும் கூட்ட மீன்தான், தரைக்குச் சற்று மேலே மண்புழுவுக்கு வரும். ஒன்று கிடைத்த இடத்தை விட்டு நகராதீர்கள். இந்த ஏரி சேர்ந்த 17ஆம் மீன்பிடி மண்டலத்தில் பெர்ச் 50, க்ராப்பி 30 வரை வைத்துக்கொள்ளலாம். கான்சர்வேஷன் உரிமம் என்ற மலிவு உரிமம் வைத்திருப்பவர்களுக்கு அது 25, 10. வீட்டு ஃப்ரீசரில் ஏற்கெனவே இருக்கும் மீனும் இந்தக் கணக்கில் சேரும். இது பலருக்குத் தெரிவதில்லை.

லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் என்று இரண்டு பாஸ் வகைகளும் உண்டு. களைக்கு லார்ஜ்மவுத், கல்லுக்கு ஸ்மால்மவுத். அவற்றின் பருவம் ஜூன் மூன்றாவது சனிக்கிழமைதான் திறக்கும். அதற்கு முன் ஆண் பாஸ் கூட்டைக் காத்து நிற்கும். அதைத் தூக்கிவிட்டால், சில நிமிடங்களுக்குள் சன்ஃபிஷ் வந்து முட்டைகளைத் தின்றுவிடும். விட்டுவிடத்தானே போகிறேன் என்று பருவத்துக்கு முன் பாஸைக் குறிவைப்பதும் சட்டமீறல்தான். மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனும் இருக்கிறது. தொடக்கக்காரர்கள் அதைத் தேட வேண்டாம், கூர்மையான பற்களும் பெரிய உடம்பும் கொண்ட அதைப் பாதுகாப்பாகக் கழற்றிவிடக் கருவியும் பழக்கமும் வேண்டும். சேற்று அடியில் கெண்டையும் பூனைமீன் வகையைச் சேர்ந்த புல்ஹெட்டும் உண்டு.

உரிமம் பற்றிக் கவனமாகப் படியுங்கள், புதிதாக வந்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒன்ராறியோவாசி என்ற விலையில் உரிமம் வாங்க, கடந்த 12 மாதங்களில் தொடர்ந்து ஆறு மாதங்களாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நிரந்தர வதிவிட அட்டை கையில் இருந்தாலும், வந்து மூன்று மாதம்தான் ஆகிறதென்றால் கனடாவுக்கு வெளியே வசிப்பவருக்கான உரிமம்தான் வாங்க வேண்டும், விலை கூடுதல். ஆண்டு உரிமத்துக்கு அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மாகாண அரசின் அட்டையும் தேவை, அது மூன்று ஆண்டு செல்லும். ஒரு நாள் உரிமத்துக்கு அந்த அட்டை வேண்டியதில்லை. இங்கே வசிக்கும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 வயது நிரம்பியவர்களுக்கும் உரிமம் தேவையில்லை. ஆனால் ஊரில் இருந்து பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு 70 வயதானாலும் இந்தச் சலுகை கிடையாது, அவர்களுக்கு உரிமம் எடுத்தே ஆக வேண்டும். பிப்ரவரியில் குடும்ப தின வார இறுதி, மே மாத அன்னையர் தின வார இறுதி, ஜூனில் தந்தையர் தின வார இறுதி, கோடைத் தொடக்கத்தில் ஒரு வாரம் என ஆண்டுக்கு நான்கு முறை கனடாவாசிகள் உரிமமின்றிப் பிடிக்கலாம். அப்போதும் எண்ணிக்கை வரம்பும் பருவமும் மாறாது.

உரிமம் இரண்டு வகை. கான்சர்வேஷன் உரிமம் மலிவு, வரம்பு குறைவு. ஒரு குடும்பத்துக்கு ஒரு வேளைக் குழம்புக்கும் பொரியலுக்கும் அது தாராளம். அதையே வாங்குங்கள் என்பேன். விதிமுறை ஏடு ஆண்டுதோறும் வெளியாகிறது. புறப்படும் முன் அந்த ஆண்டின் ஏட்டில் 17ஆம் மண்டலத்தையும், அதிலே ஸ்கூகாக்குக்கென்று தனியாகத் தந்திருக்கும் விதிவிலக்குகளையும் பாருங்கள்.

நம் பழக்கங்களோடு மோதும் சில விதிகள் உண்டு. பாஸ், பிக்கரல் போன்று தூண்டில்காரர்கள் பிடிக்கும் விளையாட்டு மீன் எதையும் வலை போட்டுப் பிடிக்கக் கூடாது. வீச்சு வலையை ஊரில் இருந்து கொண்டுவந்திருந்தால் அது வீட்டிலேயே இருக்கட்டும். பனிக்கட்டி மூடாத நீரில் ஒருவருக்கு ஒரு தூண்டில். பிடித்த மீனை விற்கவோ பண்டமாற்றுச் செய்யவோ கூடாது, தெரிந்த கடைக்காரருக்குக்கூட. கரையிலேயே குழம்புத் துண்டாக வெட்டி ஐஸ் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுபோவதும் தவறு: வழியில் அதிகாரி நிறுத்தினால் என்ன மீன், எத்தனை மீன் என்று அவருக்குப் பார்த்த உடனே தெரிய வேண்டும். முழு மீனாகவே கொண்டுபோங்கள். அவர் உரிமத்தையும் பெட்டியையும் காட்டச் சொன்னால் பதற்றப்படாமல் காட்டுங்கள், அது அவருடைய அன்றாட வேலை. மிச்சமான இரையைத் தண்ணீருக்குள்ளோ கரையில் இருந்து 30 மீட்டருக்குள்ளோ கொட்டக் கூடாது. இந்த ஏரிக்கு நடந்ததில் எவ்வளவு வெளியில் இருந்து வந்த உயிர்களால் நடந்தது என்று மேலே பார்த்தோம். படகு வைத்திருந்தால், கரையேற்றியதும் ஒட்டியிருக்கும் களையை நீக்கித் தண்ணீரை வடித்துவிட வேண்டும். 2022 முதல் ஒன்ராறியோவில் இது சட்டம்.

ஏரியின் நடுவே ஸ்கூகாக் தீவில் மிசிசாகா முதற்குடி மக்கள் வாழ்கிறார்கள். அணை கட்டி நீர் ஏறியபோது அவர்களுடைய காட்டரிசி விளைந்த நீர்நிலங்கள் அழிந்தன. 1923இன் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களால் அவர்களுக்கு மறுக்கப்பட்ட வேட்டை, மீன்பிடி உரிமைகள் 2018இன் உடன்பாட்டில் ஏற்கப்பட்டன. பருவமில்லாத நாளில் அவர்கள் மீன் பிடிப்பதைப் பார்த்தால் அது அவர்கள் உரிமை. நாடிழந்து வந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சாப்பிடும் விஷயத்துக்கு வருவோம். எந்த ஏரியில், எந்த மீன், எந்த நீளத்தில் மாதத்துக்கு எத்தனை வேளை உண்ணலாம் என்று ஒன்ராறியோ அரசு ஒரு வழிகாட்டி வெளியிடுகிறது, இணையத்தில் இலவசம். பாதரசம் போன்றவை பெரிய, வயதான, மீன் தின்னும் மீன்களில் அதிகம் சேரும். பெர்ச், சன்ஃபிஷ் போன்ற சின்ன மீன்களில் குறைவு. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் தனி அளவு தந்திருப்பார்கள். அந்த அளவுகள் தோலும் முள்ளும் நீக்கிய முதுகுச் சதையைக் கணக்கிட்டவை. நம் வீட்டில் தலையும் சினையும் குடலும் குழம்பில் போடுவோம். இந்த ஏரி மீனில் அந்தப் பழக்கம் வேண்டாம். சேற்று வாடை அடித்தால் தோலை உரித்து, உப்பும் எலுமிச்சையும் தடவி வைத்துக் கழுவினால் குறையும். பழப்புளி கூட்டிக் கரைத்தால் மிச்சமும் போய்விடும்.

கடைசியாகக் குளிர்காலம். ஆழம் குறைந்த ஏரி சீக்கிரம் உறையும், போர்ட் பெரிக்கு எதிரே கூடாரங்கள் முளைக்கும், ஆசையாக இருக்கும். ஒருவர் நடக்கத் தெளிந்த நீலப் பனிக்கட்டி 10 சென்டிமீட்டராவது வேண்டும். வெள்ளையாக இருந்தால் அதைப்போல் இரு மடங்கு. ஓடை கலக்கும் இடத்திலும் பாலத்துக்குப் பக்கத்திலும் பனிக்கட்டி எப்போதும் மெலிந்தே இருக்கும். முதல் முறை பழகியவர் ஒருவரோடுதான் இறங்குங்கள். மே மாதமும் ஆபத்துதான்: காற்றில் சூடு தெரியும், தண்ணீர் விறைக்கவைக்கும். படகில் ஏறும் எல்லோரும் மிதவைச் சட்டையை உடம்பில் போட்டிருக்க வேண்டும். அதை இருக்கைக்கு அடியில் வைத்தால் தேவைப்படும் நேரத்தில் போட நேரம் கிடைக்காது.