மூடிய சம்படத்துக்குள் சிற்றெறும்பு நுழையுமா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

திருநெல்வேலிப் பக்கத்து அடுப்பங்கரைகளில் சீனியும் கருப்பட்டியும் எவர்சில்வர் சம்படத்தில்தான் இருக்கும். இரவில் மூடியை அழுத்தி மூடியிருந்தும், காலையில் திறந்தால் எறும்பு மொய்த்திருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். வீட்டுக்குள் அலையும் மிகச் சிறிய எறும்பின் நீளமே ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். தலையின் அகலம் அரை மில்லிமீட்டர்கூட இராது. கடினமான அந்தத் தலை புகும் சந்து இருந்தால் போதும், உடல் பின்னாலேயே போய்விடும்.

முதலில், காலிச் சம்படத்தை மூடிவிட்டு, சாதாரண வெள்ளைத் தாள் ஒன்றை இரண்டு முறை மடித்து, மூடியின் விளிம்பைச் சுற்றிலும் செருகிப் பாருங்கள். ஒரு தாளின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர் என்பதால், நான்கு அடுக்கும் புகுகிற இடத்தில் எறும்பும் புகுந்துவிடும். ரப்பர் வளையம் இல்லாத சம்படங்களில் பெரும்பாலானவை இந்தச் சோதனையிலேயே தோற்றுவிடும்.

திருகுமூடிப் பாட்டில்களுக்குத் தாள் உதவாது. மரையின் சுற்றுகளே எறும்புக்கு வழியாகிவிடுகின்றன, அது சுற்றிச் சுற்றி ஏறி மேலே வந்துவிடும். ஆகவே பாட்டிலில் பாதியளவு தண்ணீர் ஊற்றி மூடி, வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு, செய்தித்தாளின்மேல் பத்து நிமிடம் தலைகீழாக வைத்து, இடையிடையே மெல்லக் குலுக்குங்கள். தாள் நனையவில்லை என்றால் அந்த மூடியை நம்பலாம். ஏனெனில் எறும்பு நுழைய முடியாத சந்திலும் தண்ணீர் கசியும்.

நல்ல மூடியும் ஏமாற்றுவது உண்டு. வளையத்தின்மேல் ஒரேயொரு சீனி மணி ஒட்டியிருந்தால் போதும், மூடி அந்த இடத்தில் தூக்கிக்கொண்டு, எறும்புக்கு வாசல் திறந்துவிடும். அள்ளி எடுத்தபின் விளிம்பையும் வளையத்தின் பள்ளத்தையும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பிறகே மூடுங்கள். நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான்.

கருப்பட்டிக்கு ஒரு சொல்: ஓலைப்பெட்டியில் வாங்கி வரும் உடன்குடிக் கருப்பட்டியோடு எறும்பும் கூடவே வந்திருக்கலாம். அதை உடைத்து, தட்டில் பரப்பி, சிறிது நேரம் வெயிலில் வைத்துப் பார்த்தபின் அடைத்து வையுங்கள்.

வளையமில்லாத சம்படத்தையே பயன்படுத்த வேண்டியிருந்தால், தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் அதை வைக்கலாம். சுவரையோ வேறு பாத்திரத்தையோ அது தொடக் கூடாது. தண்ணீரில் தூசு படர்ந்தால் அதுவே எறும்புக்குப் பாலமாகிவிடும், தேங்கினால் கொசு முட்டையிடும் என்பதால், இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள்.