புதுக் காருக்கு ஆக்சஸரீஸ்: டிக் போடுவதற்கு முன்னால்

கார் புக் பண்ண ஷோரூமுக்குப் போனால் முதலில் காபி வரும். காபி பாதி இருக்கும்போதே ஒரு தாள் வரும். எனக்கு வந்த தாளில் 23 அயிட்டம். எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. அடியில் மொத்தம் 68,400 ரூபாய்.

"எல்லாரும் எடுக்கிறதுதான் மேடம், பேசிக் கிட்" என்றார் சேல்ஸ் தம்பி.

நான் திண்டுக்கல்லில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். அடுத்தவர் போட்ட விடையை அப்படியே ஒப்புக்கொள்கிற பழக்கம் இல்லை. "தம்பி, டிக் இல்லாத தாள் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வாங்கினேன். ஒரு மணி நேரம் கழித்து அதில் இருந்தவை மூன்று: சக்கரத்துச் சேறு தெறிக்காமல் தடுக்கும் மட் ஃபிளாப் 1,100, ஜன்னல் மேல் மழைக்கு மறைப்பாக இருக்கும் டோர் வைசர் 2,300, ரப்பர் மேட் 2,500. ஆக 5,900 ரூபாய். அந்த மூன்றுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதைச் சொல்கிறேன். உங்களுக்கு அது நான்காகலாம், பத்தாகவும் ஆகலாம்.

ஒவ்வொரு அயிட்டத்தைப் பார்த்தும் நான் கேட்டது ஒரே கேள்வி: இதைப் பிறகு மாட்ட முடியுமா? முடியும் என்றால் இன்றைக்கு வேண்டாம். முடியாது என்றால் மட்டும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஷோரூமில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். எப்போது வேண்டுமானாலும் கடைத்தெருவில் வாங்கக்கூடிய சீட் கவரைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். பிறகு சேர்க்கவே முடியாத ஏர்பேக் எத்தனை என்பதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள்.

முதலில் வேரியன்ட்

நம் ஊரில் சன்ரூஃப் மட்டும் வேண்டும், கேமரா வேண்டாம் என்று தனித்தனியாகப் பொறுக்கி எடுக்க முடியாது. கம்பெனி கட்டிவைத்த மூட்டைகள்தான்: பேஸ் மாடல், நடுவில் இரண்டு மூன்று, அப்புறம் டாப் எண்ட். ஆகவே பெரிய பணம் ஆக்சஸரீஸ் தாளில் போவதில்லை. வேரியன்ட் தேர்வில்தான் போகிறது.

ஷோரூம் போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு பழைய நோட்டில் எழுதி வந்தேன். கார் இருந்திருந்தால் இன்று எங்கே போயிருக்கும், யார் உட்கார்ந்திருப்பார்கள், என்ன இடைஞ்சல் வந்திருக்கும். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நான் ஒருத்திதான். மாதம் ஒருமுறை வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல், நாத்தனார் வீடு. முன்சீட்டில் முழங்கால் வலிக்கார மாமியார், பின்சீட்டில் பிள்ளைகள் இருவர்.

இவ்வளவு எழுதினாலே பாதி முடிவு வந்துவிடும். மலை ஏற்றத்தில் முன்னால் போகும் பஸ் நின்றால் நாமும் நிற்க வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் கார் பின்னால் உருளாமல் ஓரிரு விநாடி பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்ட் எனக்கு அவசியம். ஆறு ஏர்பேக்கும், வண்டி வழுக்கும்போது தடம் மாறாமல் பிடித்துக்கொள்ளும் இஎஸ்பியும் பேச்சுக்கே இடமில்லாமல் வேண்டும். மே மாதத்தில் பிள்ளைகளுக்குப் பின்சீட்டு ஏசி வென்ட் வேண்டும். பின்கண்ணாடி வைப்பர், ஐப்பசி மழையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மாமியாருக்கோ உயரம் சரியான சீட் போதும். அதை எந்தத் தாளும் சொல்லாது, ஆளையே கூட்டிக்கொண்டு போய் நாலு தடவை ஏறி இறங்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஷோரூமில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள், பார்க்கட்டும்.

சன்ரூஃபில்தான் வீட்டில் சண்டை. பிள்ளைகள் இரண்டும் அதற்காகவே டாப் எண்ட் கேட்டன. திண்டுக்கல் வெயிலில் அதை என்றைக்குத் திறப்பது? திறந்தாலும் பிள்ளைகள் எழுந்து தலையை வெளியே நீட்டத்தான் பார்க்கும். சடன் பிரேக் அடித்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே வயிறு கலங்குகிறது. இன்னொன்றையும் மெக்கானிக் ஒருவர் காட்டினார். சன்ரூஃபின் மூலைகளில் மழைத்தண்ணீர் வடிவதற்கு மெல்லிய குழாய்கள் உண்டு, தூண்களுக்குள்ளேயே இறங்கிக் கீழே போகும். வேப்ப மரத்தடியில் நிறுத்தும் கார் என்றால் தூசியும் சருகும் போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் உள்ளே சொட்டும். எங்கள் வீட்டு வாசலில் இருப்பது வேப்ப மரம்.

கடைசியில் சண்டையை முடித்தது கணக்கு. நடு வேரியன்ட் எக்ஸ்-ஷோரூம், அதாவது லைஃப் டாக்ஸும் இன்சூரன்ஸும் சேராத விலை, 9,40,000. டாப் எண்ட் 10,30,000. வித்தியாசம் 90,000 என்று தம்பி சொன்னார். அது தாளில் இருக்கும் வித்தியாசம். வண்டியைப் பதியும்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரிதான் லைஃப் டாக்ஸ். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் அதை உயர்த்தினார்கள்: 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் 18 இல்லை, முழு விலைக்குமே 18. ஆக 9,40,000-க்கு வரி 1,22,200. 10,30,000-க்கு 1,85,400. வரியிலேயே 63,200 கூடுகிறது. 90,000 என்றது 1,53,200 ஆகிவிட்டது. இது போக, 10 லட்சம் தாண்டினால் டிசிஎஸ் என்று 1 சதவீதம் வருமான வரியை ஷோரூமிலேயே முன்கூட்டிப் பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும், ஆனாலும் அன்றைக்குக் கையிலிருந்து 10,300 போகும். உங்கள் வேரியன்ட்டும் 10 லட்சத்தை ஒட்டி நின்றால், எக்ஸ்-ஷோரூம் விலையை ஒப்பிடாதீர்கள். இரண்டுக்கும் எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு கொட்டேஷன் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனி பில்லில் வாங்கும் ஆக்சஸரீஸுக்கு இந்த லைஃப் டாக்ஸ் கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம்தான் அந்தத் தாள்

சில அயிட்டத்துக்கு நீங்கள் தனியாகப் பணம் கொடுக்கவே வேண்டியதில்லை. ரிவர்ஸ் சென்சார் 2019 ஜூலை முதல் எல்லாக் காரிலும் இருந்தாக வேண்டும். ஹெச்எஸ்ஆர்பி என்கிற உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் 2019 ஏப்ரல் முதல் வண்டியோடு வருவது. 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள், பில்லில் எழுதித் தருவீர்களா என்றும் கேளுங்கள். என் கொட்டேஷனில் 7,500 போட்டிருந்தார்கள். இரண்டாவது கேள்வியிலேயே அது காணாமல் போனது.

சிலவற்றைச் சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது. முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் கார்டு அதில் முதல். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. மோதலின் வேகத்தை அந்தக் கம்பி வேறு விதமாகக் கடத்துவதால் ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் போகலாம், குறுக்கே வந்தவர் கதியும் மோசம். கறுப்பு ஃபிலிமை 2012-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. பிறகு விதிகள் மாறி, முன் பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவினால் போதும் என்று வந்தாலும், நடுரோட்டில் நின்று அதை விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. வெயிலுக்கு ஜன்னலில் மாட்டும் வலைத்திரை கூட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வண்டியை நிறுத்தியிருக்கும்போது முன்கண்ணாடிக்கு ஒரு மடிப்பு அட்டை, அவ்வளவுதான்.

சீட் கவர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆறு ஏர்பேக் வண்டி என்றால் முன்சீட்டில் உட்கார்ந்து, கதவுப் பக்கமாகச் சாய்மானத்தின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கட்டைவிரல் அளவில் ஒரு துண்டுத் துணி தைத்திருக்கும், அதில் ஏர்பேக் என்று எழுதியிருக்கும். பக்கவாட்டில் இடி விழுந்தால் அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் அது வெளியே வரும். அதன் மேல் இரட்டைத் தையல் போட்ட கெட்டி கவரை இறுக்கி மாட்டினால், காசு கொடுத்து வாங்கிய ஏர்பேக்குக்குக் காசு கொடுத்தே பூட்டுப் போட்ட கதை. கவர் வேண்டுமென்றால் அந்த ஓரம் திறந்திருக்கும்படி, அல்லது அங்கே மட்டும் எளிதில் பிரியும் தையல் போட்டு வருவதை வாங்க வேண்டும். நான் கவரே போடவில்லை. வாங்கின துணி சீட்டை யாருக்காக மூடி வைப்பது?

இதே விவகாரம் பிள்ளையாரிலும் வந்தது. மாமியார் இடது பக்க டாஷ்போர்டின் நட்டநடுவில் வைக்கச் சொன்னார். அங்கேதான் ஏர்பேக் மூடி இருக்கிறது. "அத்தை, அது வெடிச்சுத் திறக்கிற இடம். பிள்ளையார் நேரா உங்க முகத்துக்குத்தான் வருவார்" என்றேன். "பிள்ளையாரே இருக்கும்போது அது எதுக்கும்மா வெடிக்கணும்?" என்றார். இதற்கு என் பாடப்புத்தகத்தில் விடை இல்லை. கடைசியில் நடுவில், கியருக்கு முன்னால் இருக்கும் குழிவான தட்டில் சின்னப் பிள்ளையார் குடியேறினார்.

மேட் விஷயம் சின்னதுதான், ஆனால் காலடி விஷயம். டிரைவர் பக்கத்து மேட் தரையிலுள்ள கொக்கியில் மாட்டுவதாக இருக்க வேண்டும். மேட்டுக்கு மேல் மேட் போட்டால் அது நகர்ந்து பெடலுக்கடியில் போய்விடும். இதனால்தான் கம்பெனி மேட்டையே வாங்கினேன். அண்டர்பாடி கோட்டிங், டெஃப்லான் கோட்டிங், வாசனை மெஷின், கதவுப் பிடிக்குக் குரோம் இவற்றையெல்லாம் படித்துப் பார்த்துக் கோடு போட்டேன்.

வயரைத் தொடுகிற எதுவானாலும் வெளியே மாட்டாதீர்கள். இதை அனுபவித்துச் சொல்கிறேன். எங்கள் முந்தைய காரில் ஒரு கடையில் ஃபாக் லைட் போட்டோம், 1,800 மிச்சம் என்ற சந்தோஷத்தில். ஒட்டன்சத்திரம் தாண்டி ராத்திரி ஒன்பது மணிக்குப் பிளாஸ்டிக் எரிகிற வாடை. பானெட்டைத் திறந்தால், ஒயரை வெட்டி இன்னொன்றைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டியிருந்த இடம் வெல்லப்பாகு மாதிரி உருகித் தொங்குகிறது. வெட்டிய ஒயர் என்று தெரிந்ததும் வாரண்டியும் கைவிட்டது. லைட், ஹாரன், கேமரா இவற்றில் எது வேண்டுமானாலும் கம்பெனி சாக்கெட்டில் அப்படியே செருகுவதாக, பில்லோடு, கம்பெனி சர்வீஸில் போடுங்கள். விலை கூடத்தான் செய்யும்.

கண்ணுக்குத் தெரியாத எக்ஸ்ட்ரா

இன்சூரன்ஸ் தாளிலும் இதே மாதிரி டிக் இருக்கும். அங்கே நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. பம்பர் டு பம்பர் என்கிற ஜீரோ டெப், அதாவது பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத பாலிசி, எடுத்தேன். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். இன்றைய காரில் பம்பரே பிளாஸ்டிக்தானே. 12,000 ரூபாய் பம்பர் உடைந்தால் 6,000 நம் கையிலிருந்து. என்ஜின் புரொட்டெக்ட், உங்கள் ஊர் எது என்பதைப் பொறுத்தது. என் தம்பி வேளச்சேரியில் இருக்கிறான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்பினான். தண்ணீர் உறிஞ்சிய என்ஜின் இறுகிவிட்டது. சாதாரண பாலிசி அதற்குக் கொடுக்காது. அவனுக்கு என்ஜின் புரொட்டெக்ட் கட்டாயம். மேட்டில் இருக்கும் எனக்குத் தேவையில்லை என்று விட்டேன்.

நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை மூன்று வருஷத்துக்குக் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் பாலிசியை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கிக் காட்டினேன், ஷோரூம் விலை இறங்கியது. எக்ஸ்டெண்டட் வாரண்டியை டெலிவரி அன்றே வாங்கச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். பெரும்பாலான கம்பெனிகளில் ஒரிஜினல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், நாளாக ஆகச் சற்று விலை கூடும். வருஷ முடிவில் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆக்சஸரீஸை லோனில் சேர்த்துவிடலாம் என்பதும் வரும், "மாசம் 830 ரூபாதான் மேடம்" என்று. 40,000 ரூபாயை 9 சதவீதத்தில் ஐந்து வருஷம் கட்டினால் மொத்தம் ஏறக்குறைய 49,800. இரண்டே வருஷத்தில் கிழியப்போகிற சீட் கவருக்கு ஐந்து வருஷம் வட்டி.

"ஆக்சஸரீஸ் எடுத்தால்தான் டெலிவரி சீக்கிரம்" என்று சிலர் இழுப்பார்கள். அப்போது தள்ளுபடியை ஆக்சஸரீஸாக வாங்காமல் விலையில் குறைக்கச் சொல்லுங்கள். முடியாது, 10,000-க்கு ஃப்ரீ ஆக்சஸரீஸ்தான் என்றால், எது எது என்று பெயரோடு புக்கிங் ரசீதின் பின்னால் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன ஃப்ரீயெல்லாம் டெலிவரி அன்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கார் வெளியே வந்தது. மூன்று மாதம் எதுவும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டு, தேவைப்பட்டதை மட்டும் அந்தப் பழைய நோட்டில் எழுதினேன். தாளில் இருந்த மிச்சம் 20 அயிட்டத்தில் ஒன்றுகூட நோட்டில் ஏறவில்லை. ஏறியது மூன்று: போன் மாட்டும் பிடி, டயருக்குக் காற்றடிக்கும் சின்ன மெஷின், என்ஜினுக்கடியில் எலி புகாமல் கம்பிவலை. எலி விஷயத்தை ஷோரூமில் ஒருவரும் சொல்லவில்லை. பின்சீட்டுக்கடியில் கடலை மிட்டாய் சிந்தும் வீட்டில் அது தானாகத் தெரிந்துவிடுகிறது.