எடையின்மையைக் காட்டும்போது எங்கே தப்பாகிறது

"விண்வெளியில் ஈர்ப்பு இல்லை, அதனால் மிதக்கிறார்கள்." பள்ளிக் கண்காட்சி அட்டைகளில் இந்த வரியைப் பார்த்தால் முதலில் அதை அடித்துவிடுங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது; கோவையிலிருந்து சென்னைக்குச் சாலைவழித் தூரமே அதைவிட அதிகம். அங்கும் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 89 சதவீதம் உண்டு. நிலையமும் ஆளும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் காலுக்கடியில் தாங்கல் இல்லை; எடையின்மை என்பது அவ்வளவுதான். நோம்பிக்குக் கட்டும் தூரி (ஊஞ்சல்) வேகமாக இறங்கும்போது அடிவயிறு கூசுகிறதே, அதுவும் தாங்கல் குறைவதால்தான்.

இதைக் காட்ட ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே, சூடாக்கிய ஆணியால் 4 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்கள். ஊசி ஓட்டை உதவாது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக நின்றுவிடும். பலர் சறுக்குவது மூடியில்தான். மூடி இறுகியிருந்தால் உள்ளே காற்றுப் போகாமல் கையில் இருக்கும்போதே ஒழுக்கு நின்றுபோகும், பிறகு போட்டு எதை நிரூபிப்பது? திறந்தே விடுங்கள். கையை விட்டதும் பாட்டிலும் தண்ணீரும் சேர்ந்தே விழுவதால் ஒழுக்கு நின்றுவிடும். பத்தடி உயரத்திலிருந்து விட்டால் அதைப் பார்க்க முக்கால் விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். கண்ணுக்குப் பிடிபடாது, செல்போனில் ஸ்லோமோஷனில் எடுங்கள். விடும்போது கை சுழற்றினால் பாட்டில் உருண்டு தண்ணீர் பீய்ச்சும், சோதனை கெட்டது.

மேல்நோக்கி எறிந்தும் பாருங்கள். ஏறும்போதும் ஒழுகாது. கையை விட்ட நொடியிலிருந்தே எடையின்மைதான், உச்சிக்குப் போன பிறகு அல்ல. எடை தொங்கும் தராசைக் கீழே விட்டுக் காட்ட நினைப்பவர்கள் டிஜிட்டல் தொங்குதராசை எடுக்கக் கூடாது. எண் மாறுவதற்குள் தரை வந்துவிடும். முள் வைத்த வில்தராசு நல்லது.

எடையின்மைக்கென்றே பறக்கும் ஏர்பஸ் விமானமும் எறிந்த பாட்டில் மாதிரிதான். 47 பாகை சாய்வில் ஏறிக்கொண்டிருக்கும்போதே, காற்றின் தடையை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும் எஞ்சினைக் குறைக்கிறார்கள். மிதப்பு 22 விநாடி. அதற்கு முன்னும் பின்னும் 1.8 மடங்கு எடை. அந்தக் கனத்தில் தலையைத் திருப்பினால் குமட்டும். புதிதாகப் போகிறவர்கள் தரையை எத்திக் கூரையில் மண்டையை இடித்துக்கொள்வதும் வாடிக்கை. விரலால் தள்ளினாலே போதும். மிதப்பு முடியும் முன் கால் தரைப்பக்கம் இருக்க வேண்டும், ஏனென்றால் 60 கிலோ ஆள் அடுத்து 108 கிலோவாக இறங்குவார்.