எஸ்எஸ்டி முழு வேகத்தில் ஓட எந்த ஸ்லாட்டில் மாட்ட வேண்டும்?

ரங்கூனில் கடைக் கணக்குக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நம்மவர்கள் எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க் போலக் கோப்புகளைச் சேமிக்கும், அதைவிட வேகமான டிரைவ்) வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். எஸ்எஸ்டி, அதை மாட்டும் ஸ்லாட், பிராசஸர் மூன்றில் எது மெதுவோ அதன் வேகம்தான் கைக்கு வரும். அதனால் காசு கொடுப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் மதர்போர்டின் (எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் பெரிய பலகை) பெயர். போர்டின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். விண்டோஸில் ‘சிஸ்டம் இன்பர்மேஷன்’ திறந்தாலும் தெரியும். அந்தப் பெயரை வைத்துத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து மேனுவலை இறக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, மேனுவலில் எம்.2 ஸ்லாட் (பட்டை வடிவ எஸ்எஸ்டியை நேரடியாகப் போர்டில் மாட்டும் இடம்) பகுதி. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் எந்த ஜென் (பிசிஐஇ இணைப்பின் தலைமுறை), எத்தனை லேன் (தகவல் போகும் பாதை), பிராசஸரோடு இணைந்ததா சிப்செட்டோடு (போர்டிலுள்ள துணை சிப்) இணைந்ததா என்று இருக்கும். நான்கு லேன் இருந்தால் ஜென் 3-இல் நொடிக்குச் சுமார் 3,500 எம்பி, ஜென் 4-இல் சுமார் 7,000 எம்பி வரை போகும். சாட்டா என்ற பழைய இணைப்பு என்றால் 550 எம்பியோடு நின்றுவிடும். எம்.2 வடிவிலேயே சாட்டா எஸ்எஸ்டியும் விற்கிறார்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் எல்லா ஸ்லாட்டும் அதை ஏற்காது. வேகமான வகை வேண்டுமென்றால் பெட்டியில் ‘என்விஎம்இ’ (NVMe) என்று இருக்கிறதா பாருங்கள்.

பலர் கோட்டைவிடுவது பிராசஸர் விஷயத்தில்தான். ஏஎம்டி பிராசஸருக்கான பி550 போர்டின் மேல் ஸ்லாட் ஜென் 4. அதில் ரைசன் 5 5600 போட்டால் ஜென் 4 கிடைக்கும். 5600ஜி போட்டால் அதே ஸ்லாட் ஜென் 3 ஆகிவிடும். இன்டெல் பி560 போர்டில் இன்னும் மோசம்: 10-ஆம் தலைமுறை பிராசஸர் இருந்தால், பிராசஸரோடு இணைந்த எம்.2 ஸ்லாட் வேலையே செய்யாது. எஸ்எஸ்டி பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம். அடுத்த ஸ்லாட்டில் போடுங்கள்.

இரண்டாவது ஸ்லாட்டில் போடும்போது, சில போர்டுகளில் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் அணைந்துவிடும். பழைய ஹார்டு டிஸ்க் திடீரென்று காணாமல் போனால் அதன் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் சரி.

இனி மாட்டலாம். கரண்ட் போயிருக்கிறதே என்று பிளக்கைப் பிடுங்காமல் கை வைக்காதீர்கள்; எந்த நேரமும் திரும்பி வரும். எஸ்எஸ்டியின் வெட்டை ஸ்லாட்டின் முள்ளோடு பொருத்தி, சாய்வாக முழுதும் உள்ளே தள்ளுங்கள். விட்டால் மறுமுனை கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும், அது சரிதான். மெதுவாகப் படுக்க வைத்து ஸ்க்ரூவை முடுக்குங்கள். போர்டில் ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) இருந்தால் அதன் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டுப் போடுங்கள். நம் ஏப்ரல் வெயிலில் சூடேறினால் எஸ்எஸ்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கடைசியாக ‘கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளில் ‘டிரான்ஸ்பர் மோட்’ பாருங்கள். இடப்பக்கம் இப்போது ஓடும் வேகம், வலப்பக்கம் எஸ்எஸ்டியால் முடிந்த வேகம். இரண்டும் ஒன்றாக இருந்தால் சரியான ஸ்லாட்தான். இடப்பக்கம் ‘PCIe 3.0’, அதாவது ஜென் 3, என்று காட்டினாலும், கணக்குக்கும் படிப்புக்கும் அது தாராளம். ஜென் 5-க்குக் கொடுக்கும் பணத்தில் கூடுதல் கொள்ளளவு வாங்குங்கள்.