அடைப்பு எங்கே என்று பார்க்காமல் குழாயில் கை வைக்காதீர்கள்

குளியலறையில் தண்ணீர் வடியவில்லை என்றதும் பலர் முதலில் வாங்கி வருவது ஒரு பாட்டில் அமிலம் அல்லது காஸ்டிக் சோடா. இதைத்தான் நான் முதல் தவறு என்பேன். குழாய் முழுக்க அடைத்திருந்தால் அந்த ரசாயனம் அடைப்பு வரை போய்ச் சேராது. நடுவழியிலேயே தேங்கி நிற்கும். காஸ்டிக் சோடா நீரில் கரையும்போது எழும் சூடு பிளாஸ்டிக் குழாயை இளக்கிவிடலாம். பின்னால் குழாயைப் பிரிக்கும் பிளம்பரின் முகத்தில் தெறிக்கப் போவதும் அந்த ரசாயனம்தான். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் அமிலத்தை ஊற்றினால் குளோரின் வாயுவே கிளம்பும்.

முதலில் அடைப்பு இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரே ஒரு கழுவுதொட்டியில் (சிங்க்) மட்டும் தண்ணீர் நின்றால் கோளாறு அதன் அடியில் உள்ள வளைவுக் குழாயில்தான். கழிப்பறையில் தண்ணீர் விட்டதும் குளியலறைத் தரைத் துளையில் குமிழியிட்டு நீர் மேலே வந்தால் பிரதான குழாய் அடைத்திருக்கிறது. அப்போது வீட்டிலிருந்து தெருப் பக்கமாக சேம்பர் (கழிவுநீர்க் குழாய் வழியில் மூடி போட்டுக் கட்டிய சிறு தொட்டி) மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். நிரம்பி நிற்கும் கடைசி சேம்பருக்கும் அடுத்துக் காலியாக இருக்கும் சேம்பருக்கும் நடுவில்தான் அடைப்பு.

இது தெரியாமல் எங்கள் வீட்டில் குளியலறைத் தரையையே உடைத்தோம். பார்க்க வந்த பிளம்பர் சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். இரண்டு நாள் தூசியில் கிடந்த பிறகு இரண்டாவது சேம்பரைத் திறந்தால் கழுத்து வரை நீர். அடுத்தது உலர்ந்து கிடந்தது. இடையில் இருந்த இணைப்பில் மர வேர், சடைமுடி போல.

வேர் என்றதும் இன்னொரு தவறு நினைவுக்கு வருகிறது. அடைக்கும்போதெல்லாம் கம்பி விட்டுக் குத்திவிட்டு மறந்துவிடுகிறோம். கம்பி வேரின் நடுவே ஒரு துளைதான் போடும். சில மாதங்களில் வேர் மறுபடி தழைக்கும். அது நுழைந்த விரிசலை அடைக்காதவரை இதற்கு முடிவே இல்லை. ஒரே இடம் திரும்பத் திரும்ப அடைத்தால் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிசினில் நனைத்த துணிக் குழலை உள்ளே செலுத்தி இறுக வைக்கும் முறை 1971-இல் லண்டனில் தொடங்கியது. குழி தோண்டாமலே விரிசலைச் சரிசெய்யலாம். ஆனால் குழாய் நடுவில் தொய்ந்து கிடந்தால் இந்த உறை அதை நிமிர்த்தாது. அங்கே தோண்டித்தான் ஆக வேண்டும்.

தோண்டினால் வாட்டத்தை, அதாவது குழாயின் சரிவை, அளந்து வாங்குங்கள். 4 அங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் என்பது பரவலான கணக்கு. வாட்டம் குறைந்தால் நீர் மட்டும் வழிந்தோடும், கசடு தங்கிவிடும். திரும்பும் இடத்தில் செங்குத்தாகத் திருப்பும் எல்போ இணைப்புக்குப் பதிலாக இரண்டு 45 டிகிரி பெண்டு (வளைவு இணைப்பு) போடச் சொல்லுங்கள். மண் மூடும் முன் நீர் நிரப்பி இணைப்புகளைச் சோதிக்காமல் விடாதீர்கள்.

எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு வெந்நீர் விட்டால் போதும் என்பதும் தப்புக் கணக்கு. சற்றுத் தள்ளிப் போய் அங்கே உறையும். ஈரத் துடைப்பான்கள் (வெட் வைப்ஸ்) கழிப்பறையில் போட்டால் கரைவதில்லை. மொட்டை மாடி மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்தால் பெருமழையன்று கீழ்த்தளக் குளியலறையில் சாக்கடை பொங்கும். சேம்பர் மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடுபவர்களும் உண்டு.

எல்லாவற்றையும்விட நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று: சேம்பருக்குள்ளோ மலக்குழித் தொட்டிக்குள்ளோ எவரையும் இறங்கச் சொல்லாதீர்கள், ஒரு நிமிட வேலையாக இருந்தாலும். அங்கே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். அடுத்த சில மூச்சில் ஆள் சரிந்துவிடுவார். காப்பாற்றக் குதிப்பவருக்கும் அதே கதி. நீரைப் பீய்ச்சியடிக்கும் ஜெட் இயந்திரம், நீளக் கம்பி, உறிஞ்சு லாரி எல்லாம் மேலிருந்தே வேலை செய்யும். இயந்திரம் வரும் வரை வீட்டில் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள்.

வேலை முடிந்ததும் சேம்பர்கள் இருக்கும் இடம், குழாய் திரும்பும் இடம், சுவரிலிருந்து எத்தனை அடி என்பதை ஒரு தாளில் வரைந்து மின் மீட்டர் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன்.