குமுளி மலையில் நெஞ்சுவலி வந்தால்: எந்த அட்டாக், வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது

விடிவதற்கு முன்னால், தமிழ்நாடு-கேரள எல்லைக் குமுளியில் என் மெடிக்கல் ஷாப் ஷட்டரைத் தட்டுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, கேஸ் மாத்திரை ஒண்ணு குடுங்க." கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறி வருகிற பெண்கள், ராத்திரி முழுக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எஸ்டேட் பெரியவர்கள், எல்லோருக்கும் வியாதி ஒன்றே, கேஸ். ஓமத் திரவம் குடித்தாகிவிட்டது, சோடா குடித்தாகிவிட்டது, ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்பார்கள். நான் மாத்திரையை எடுப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பேன். குளிரிலும் வியர்க்கிறதா? வலி தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ முதுகுக்கோ இழுக்கிறதா? நாலு எட்டு நடந்தால் கூடுகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் கேஸ் மாத்திரை கிடையாது, முதலில் ஈ.சி.ஜி. தான். சர்க்கரைக்காரர்களுக்கும், பெண்களில் பலருக்கும், வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுவாங்கல், வாந்தி, சொல்லத் தெரியாத அசதி என்று மட்டும் வரலாம், அதனால் வலி இல்லை என்பதை வைத்து நிம்மதியாகாதீர்கள்.

நான் டாக்டர் இல்லை. மருந்து விற்கிறவன். ஆனால் எங்கள் மாமாவை இந்த மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோன ராத்திரிக்குப் பிறகு ஒரு விஷயம் புரிந்தது: அட்டாக் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் பல வகை இருக்கிறது, எந்த வகை என்று தெரிந்தால்தான் எந்த ஊருக்கு, எவ்வளவு வேகத்தில் என்பது முடிவாகும். டவுனில் இருப்பவனுக்கு இது டாக்டர் கவலை. கோட்டயம் மெடிக்கல் காலேஜ் 100 கிலோமீட்டருக்கு மேல், தேனி க.விலக்கு மெடிக்கல் காலேஜ் சுமார் 70 கிலோமீட்டர், இரண்டுக்கும் நடுவில் கொண்டை ஊசி வளைவும் பனிமூட்டமும் என்று வாழ்கிற நமக்கு இது நம் கவலை.

சரி, வகைக்கு வருவோம். இதயம் ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்பினாலும் தனக்கு வேண்டியதைச் சில சின்னக் குழாய்கள் வழியாகத்தான் வாங்கிக்கொள்கிறது. அந்தக் குழாய்ச் சுவரில் வருஷக்கணக்காகப் படிந்த கொழுப்புத் திட்டு ஒருநாள் வெடிக்கும், வெடித்த இடத்தில் ரத்தம் உறையும். உறைந்த கட்டி குழாயை முழுக்க அடைத்துவிட்டால் அது ஸ்டெமி. பெரும்பாலும் பாதி அடைத்து, கொஞ்சம் ரத்தம் கசிந்து போய்க்கொண்டிருந்தால் அது என்ஸ்டெமி. நம் பக்கத்து ஆட்கள் "மேஜர் அட்டாக், மைனர் அட்டாக்" என்று சொல்வதை ஏறக்குறைய இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள், ஆனால் மைனர் என்று சொல்லி யாரையும் வீட்டில் படுக்க வைத்துவிடாதீர்கள், என்ஸ்டெமியிலும் ஆள் போவதுண்டு.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஈ.சி.ஜி. எடுத்து வருகிற அந்த ரோஸ் கலர் கட்டம் போட்ட பேப்பர்தான். ஸ்டெமி என்றால், துடிப்புக்குப் பிறகு கீழே இறங்கி நேராகப் போகவேண்டிய கோடு இறங்காமல் மேலேயே நிற்கும், பாம்பு படம் எடுத்த மாதிரி. இதைத்தான் எஸ்.டி. எலிவேஷன் என்பார்கள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த 10 நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் முறை. டோக்கன் போட்டு வரிசையில் உட்காரச் சொன்னால் உட்காராதீர்கள், சத்தம் போடுங்கள். எடுத்த உடனே அந்தப் பேப்பரை உங்கள் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "எஸ்.டி. எலிவேஷன் உண்டோ டாக்டரே?" மலையாளம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இந்தக் கேள்வி எல்லைக்கு இரண்டு பக்கமும் புரியும்.

மாமா விஷயத்தில் நடந்தது என்னவென்றால், முதல் ஈ.சி.ஜி. நார்மல். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் அதைப் பார்த்துவிட்டு ஒரு கேஸ் ஊசி போட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வலி விடவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வேறு இடத்தில் எடுத்தால் கோடு படமெடுத்து நிற்கிறது. அதனால், வலி இருக்கிறவரைக்கும் ஒரு நார்மல் ஈ.சி.ஜி.யை நம்பக்கூடாது, 15 நிமிஷம் அரை மணிக்கு ஒருமுறை திரும்ப எடுக்கச் சொல்ல வேண்டும், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் கேட்க வேண்டும். இதயத் தசை அழிய ஆரம்பித்தால் ரத்தத்தில் கசிகிற புரதம் அது, கசிந்து அளவுக்கு வர நேரம் பிடிக்கும் என்பதால் முதல் தடவை இல்லை என்று வந்தாலும் சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பார்ப்பார்கள்.

ஸ்டெமி என்று தெரிந்துவிட்டால் இரண்டே வழி. ஒன்று, மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ கம்பி விட்டு, அடைப்பில் பலூனை ஊதி, ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாய் வைப்பது. இதுதான் நல்ல வைத்தியம், ஆனால் ஈ.சி.ஜி.யில் தெரிந்ததிலிருந்து சுமார் 120 நிமிஷத்துக்குள் செய்ய முடிந்தால் மட்டும். அதற்குள் கேத் லேப் (இதைச் செய்கிற அறை) போய்ச்சேர முடியாது என்றால் இரண்டாவது வழி, கட்டியைக் கரைக்கிற ஊசியை இங்கேயே போட்டுவிட்டு அப்புறம் வண்டி ஏறுவது. இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் தப்பு செய்கிறார்கள். "இங்க ஊசி வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடுறோம்" என்று கிளம்பி, சபரிமலை மகர விளக்கு சமயத்தில் சுற்றுவழியில் திருப்பிவிட்டு, மூன்றரை மணி நேரம் ரோட்டிலேயே போய்விடும். அத்தனை நேரமும் தசை செத்துக்கொண்டே இருக்கும்.

கரைக்கும் ஊசி வலி ஆரம்பித்து 12 மணி நேரத்துக்குள் பலன் தரும், முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால்தான் அதன் முழு அருமை. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ட்ரிப்பில் ஏறும். டெனெக்டெப்ளேஸ் என்றால் எடைக்குத் தக்க அளவில் ஒரே ஊசி, விலை கூடுதல். போடுவதற்கு முன் டாக்டர் கேட்பார், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: பக்கவாதம் வந்ததுண்டா, சமீபத்தில் ஆபரேஷனோ தலையில் அடியோ உண்டா, ரத்த வாந்தி எடுத்ததுண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, முன்னால் ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டிருக்கிறதா. மூளையில் ரத்தக்கசிவு ஆகிவிடும் அபாயம் கொஞ்சம் உண்டு, அதனால்தான் இத்தனை விசாரணை.

ஊசி போட்டதும் வலி போய்விட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 60 முதல் 90 நிமிஷத்துக்குள் இன்னொரு ஈ.சி.ஜி. எடுத்து, தூக்கிய கோடு பாதிக்காவது இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இறங்கவில்லை என்றால் உடனே கேத் லேப். இறங்கியிருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் (குழாயில் சாயம் விட்டு அடைப்பைப் படமெடுப்பது) பார்த்துவிடுவதுதான் நல்லது. மாமாவுக்கு மேலேயே ஊசி போட்டுத்தான் இறக்கினோம், மலை அடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டும்போது "வலி விட்டிருச்சுடா, திருப்பு வண்டிய" என்றார். திருப்பவில்லை.

என்ஸ்டெமிக்கு இந்தக் கரைக்கும் ஊசி கூடவே கூடாது, நன்மை இல்லை, ரத்தக்கசிவு ஆபத்துதான் மிஞ்சும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் போட்டார்களே, எங்கள் அப்பாவுக்கு ஏன் போடவில்லை என்று டூட்டி டாக்டரிடம் சண்டை போடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். இவர்களுக்கு ரத்தம் மேலும் உறையாமலிருக்க ஹெப்பாரின் வகை ஊசி, பெரும்பாலும் தொப்புளைச் சுற்றிப் போடுவது, அதோடு ஆஸ்பிரின் உட்பட ரத்தம் கட்டாமலிருக்க இரண்டு வகை மாத்திரை, கொழுப்பு மாத்திரை. ஆபத்து அதிகம் என்று கணக்கு வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம். வலி விடாமல் இருந்தாலோ, பிரஷர் இறங்கினாலோ, துடிப்பு தாறுமாறானாலோ ஸ்டெமி மாதிரியே ஓட வேண்டியதுதான். அடைப்பு இருந்தும் ட்ரோபோனின் கூடாமல் இருந்தால் அதற்குப் பெயர் அன்ஸ்டேபிள் ஆஞ்சைனா. அட்டாக் வாசல் வரை வந்து நிற்கிறது என்று அர்த்தம், அதற்கும் அட்மிஷன் வேண்டும்.

இன்னும் சில உண்டு. கட்டி இல்லாமலே, கடுமையான ரத்தசோகை, காய்ச்சல் கிருமி ரத்தத்தில் பரவுவது, துடிப்பு ஓடுவது இதனால் இதயத்துக்குப் போதாமல் வருவது இரண்டாம் வகை, அங்கே மூல காரணத்துக்குத்தான் வைத்தியம். குழாய் திடீரென்று சுருங்கிப் பிடித்துக்கொள்வது ஒன்று, பீடி சிகரெட்காரர்களிடம் பார்க்கலாம். ஆள் பேச்சுமூச்சில்லாமல் விழுந்துவிட்டால் அது அட்டாக்கே அல்ல, இதயம் நின்றுபோனது. அட்டாக்கால் அது வரலாம், வந்தால் 108-க்குச் சொல்லச் சொல்லிவிட்டு நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம் அமுக்க வேண்டும். இருமினால் பிழைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை அழித்துவிடுங்கள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. நடக்க விடாதீர்கள், லயத்திலிருந்து (எஸ்டேட் வரிசை வீடு) ரோட்டுக்கு நாற்காலியில் தூக்கிக் கொண்டுவாருங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ குடல்புண் ரத்தக்கசிவோ இல்லை என்றால் 300 மில்லிகிராம் அளவுக்கு ஆஸ்பிரினைக் கடித்து மென்று முழுங்க வேண்டும், எகோஸ்பிரின் 150 என்றால் இரண்டு. ரத்தக்குழாயை விரிக்க நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரையை யாரோ கொடுத்தார்கள் என்று வைக்காதீர்கள், பிரஷர் ஏற்கனவே இறங்கியிருந்தாலோ, ஆண்மை மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ (வெட்கப்படாமல் சொல்லுங்கள்) ஆளைக் கவிழ்த்துவிடும். 108 இரண்டு மாநிலத்திலும் ஒரே நம்பர்தான். தமிழ்நாட்டுப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023-லிருந்து இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் (இதுவும் ரத்தம் கட்டாமலிருக்க), அடோர்வாஸ்டாடின் (கொழுப்பு மாத்திரை) சேர்த்து 14 மாத்திரை முதல் டோஸாகக் கொடுக்கிறார்கள், கீழே இறங்குகிறவர்கள் வழியில் கேட்கலாம். என்ன கொடுத்தார்கள், எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி சட்டைப்பையில் வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆஸ்பத்திரியில் மறுபடி கொடுத்துவிடுவார்கள்.

இன்றைக்கே ஒரு வேலை: நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து 24 மணி நேரமும் கேத் லேப் ஓடுகிற ஆஸ்பத்திரி எது, கரைக்கும் ஊசி ஸ்டாக் வைத்திருக்கிற ஆஸ்பத்திரி எது, உங்கள் காப்பீட்டு அட்டை எல்லை தாண்டி அங்கே செல்லுமா, மூன்றையும் போன் போட்டுக் கேட்டு எழுதி ஜீப் டிரைவரிடமும் ஒரு காப்பி கொடுங்கள்.

ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் கட்டாமலிருக்கக் கொடுக்கிற அந்த இரண்டு மாத்திரையும் பொதுவாக ஒரு வருஷம், டாக்டர் சொல்லாமல் ஒருநாள் கூட நிறுத்தக்கூடாது. மாமா பல் பிடுங்கப் போன இடத்தில் நிறுத்தச் சொன்னார்களாம், நேராகக் கடைக்கு வந்தார். இதய டாக்டருக்கு நான்தான் போன் போட்டேன். மாத்திரை நடந்துகொண்டிருக்கும்போதே பல்லைப் பிடுங்கினார்கள், பஞ்சைக் கடித்துக்கொண்டு என் பெஞ்சில் ஒரு மணி நேரம் கோபமாக உட்கார்ந்திருந்தார்.